முப்பத்திரண்டு டிகிரிக்குள் ஒரு வீடு

மேல்மாடியில் குடியிருப்பவனைத் தெருவில் எல்லோரும் ஆந்தை என்றுதான் சொல்வார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரவு எட்டு மணிக்கு வேலைக்குப் போய் விடிந்த பிறகு திரும்புகிறவனை வேறு என்னவென்று சொல்வது? மருந்துக் கிடங்கில் வேலை. மணிக்கு ஒரு தடவை குளிரறைக்குள் போய், அங்கே தொங்கும் வெப்பமானியைப் பார்த்து, எத்தனை டிகிரி என்று நோட்டில் எழுத வேண்டும். ஊசி மருந்துகளுக்கு நான்கு டிகிரி. அவற்றைக் காவல் காக்கிறவன் பகலில் படுத்துக் கிடந்த வீட்டில், சுவரில் மாட்டிய மானியில் மதியம் மூன்று மணிக்கு முப்பத்தெட்டு.

மனைவியும் மகளும் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பகலெல்லாம் தூங்குகிறவனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி.

போன கோடையில் மகளை ஒரு வாரம் வைத்துக்கொள்கிறேன் என்று அழைத்து வந்தான். மூன்றாம் நாள் அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. மனைவி வந்து ஒரு வார்த்தை பேசாமல் கூட்டிக்கொண்டு போனாள். இந்த வருடம் அவன் கேட்டபோது போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"முப்பத்திரண்டுக்கு மேல போகாதுன்னா சொல்லுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். ஒத்துக்கிச்சுன்னா வாராவாரம். மூணு மணிக்கு மானியைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. விடிகாலையில எடுத்து அனுப்பி என்னை ஏமாத்த வேண்டாம்."

"நான் எப்ப ஏமாத்தினேன்?"

"அதுக்குத்தான் முன்கூட்டியே சொல்றேன்."

அவன் மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தான். சுண்ணாம்பைப் பசையோடு கரைத்து இரண்டு கை பூசினான். மூன்று டிகிரி இறங்கியது. சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டான். வீடு சலவைக்கூடம் மாதிரி புழுங்கி, கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்ததுதான் மிச்சம். மானி முப்பத்தைந்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

தடித்த துணி இருந்தால் திரை போடலாம் என்று கீழ்வீட்டுத் தையல்காரியிடம் போனான். அவனைவிட இரண்டு வயது இளையவள். வாய் மட்டும் நான்கு பேருக்குச் சமம்.

"தடியா ஏதாவது துணி இருக்கா?"

"எதுக்கு, போர்த்திக்கவா? இந்த வெயில்லயா?"

"ஜன்னலுக்கு."

அவள் பல்லிடையில் வைத்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினாள். "உன் ஜன்னல்தான் பகல் பூரா ஆன்னு வாயைப் பிளந்துகிட்டுக் கிடக்குதே. அதுக்கு எதுக்குத் திரை?"

"காத்து வரணும்ல?"

"காத்தா வருது? அனல் வருது. ராத்திரி நான் வாசலுக்கு வந்தா ஜிலுஜிலுன்னு அடிக்குது. அண்ணாந்து பார்த்தா உன் வீடு மட்டும் இழுத்துச் சாத்திக் கிடக்குது. எல்லாரும் வெயில் ஏறினதும் சாத்துவாங்க, இருட்டினதும் திறப்பாங்க. நீ என்னடான்னா தலைகீழாப் பண்ணிட்டு, சுண்ணாம்பு அடிக்கிறானாம் சுண்ணாம்பு!"

வீட்டில் ஆள் இருந்தால் ஜன்னலைத் திறப்பது, இல்லாவிட்டால் பூட்டுவது. அவன் அப்படித்தான் செய்து வந்தான். குளிர்ந்த காற்று தெருவில் உலாவும் நேரத்தில் அவன் வீட்டில் ஆள் இருந்ததில்லை.

"ராத்திரி திறந்து போட்டுட்டுப் போனா யாராவது உள்ள புகுந்துட மாட்டானா?"

"உன் வீட்டுலயா? திருடன் வந்தா மனசு கேட்காம அவன் ஏதாவது வெச்சிட்டுப் போவான்."

தையல் இயந்திரத்தைவிடச் சத்தமாகச் சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். மாடி ஏறும்போது யோசித்துப் பார்த்தான். ஒரு பாய், ஒரு மேஜை விசிறி, ஒரு அடுப்பு, நான்கு பாத்திரம். தோளில் சுமக்கத் தகுந்ததாக எதுவும் தட்டுப்படவில்லை.

அன்றிரவு எல்லா ஜன்னலையும் திறந்து போட்டான். மேஜை விசிறியை ஒரு ஜன்னலில், வெளியே பார்க்கும்படி வைத்து ஓடவிட்டான். உள்ளே தேங்கிய சூட்டை அது தள்ளிவிடும். காலையில் வந்ததும் ஜன்னல்களைச் சாத்தி, தையல்காரி கொடுத்த பழைய சோபா உறைத் துணியை இழுத்து மறைத்தான். நான்காம் நாள் மூன்று மணிக்கு மானி முப்பத்தொன்று காட்டியது. போட்டோ எடுத்து அனுப்பினான். மனைவியிடமிருந்து அரை மணி கழித்துப் பதில் வந்தது: ஞாயிறு பத்து மணி.

சனிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்தவன் படுக்கவில்லை. தரையை இரண்டு தடவை துடைத்தான். பத்து மணிக்கு மனைவி மகளை வாசலில் விட்டுவிட்டு, மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லித் திரும்பிப் போனாள். ஒன்பது வயதுப் பெண் இருட்டுக்குள் கால் வைக்கத் தயங்கினாள்.

"லைட் போடட்டுமாப்பா?"

"பல்பும் சூடுதான்மா. கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும்."

பழகியது. பள்ளியைப் பற்றிச் சொன்னாள், பெரியம்மா வீட்டுப் பூனையைப் பற்றிச் சொன்னாள். பேச்சு தீர்ந்ததும் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"நீ எப்பவும் இப்படித்தான் இருப்பியா?"

"எப்படி?"

"இருட்டுல. தனியா."

"தூங்கிடுவேன். தூங்கும்போது எல்லாருக்கும் இருட்டுதானே."

"முழிச்சிருக்கும்போது?"

"வேலையில இருப்பேன்."

"அங்கயும் ராத்திரிதானே?"

அவன் எழுந்துபோய் மானியைப் பார்த்தான். மணி ஒன்றரை. முப்பத்தொன்று.

"இங்கேருந்து தெரு தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"ஒரே ஒரு தடவை பார்க்கிறேன்பா."

திறந்தால் அத்தனையும் போச்சு என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் ஏறக்குறையத் தெரிந்திருக்கும். அம்மா சொல்லித்தான் அனுப்பியிருப்பாள். அவன் திரையை ஒதுக்கி ஜன்னலைத் திறந்தான். வெயில் முகத்தில் அறைந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். லாரிக்கு அடியில் ஒரு நாய் தூங்கியது. தள்ளுவண்டிக்காரன் ஒருவன் குடையை முகத்துக்கு மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே படுத்திருந்தான். "அவருக்குக் காலு வேகாதாப்பா?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். நாய்க்குப் பெயர் வைத்தாள், தள்ளுவண்டிக்காரனுக்கும் வைத்தாள். அவன் இந்தத் தெருவைப் பகலில் இப்படிப் பார்த்ததே இல்லை. சாத்தட்டுமா என்று இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் வேண்டாம் என்றாள். மூன்றாம் தடவை அவன் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மனைவி வந்தாள். முதலில் மானியைத்தான் பார்த்தாள். முப்பத்தாறு.

"அன்னிக்கு அனுப்பின போட்டோ?"

"அன்னிக்குச் சாத்தியிருந்துச்சு."

"இன்னிக்கு?"

"திறந்தேன்."

"நான்தாம்மா திறக்கச் சொன்னேன்," என்றாள் மகள். "ரொம்ப இருட்டா இருந்துச்சு."

மனைவி மகளின் முகத்தைத் துடைத்து, மோவாயைத் தூக்கி மூக்கைப் பார்த்தாள். ரத்தம் இல்லை. அவள் கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"திறந்து வெச்சா கொதிக்குது. சாத்தி வெச்சா இருட்டுன்னு பயப்படுறா. நான் என்னதான் செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

அவன் மானியைப் பார்த்தான்.

"இனிமே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டிட்டு வரேன். அஞ்சு மணிக்கு. நீங்க ஏழரைக்குக் கிளம்பணும், அதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடறேன். மொட்டைமாடியில உட்கார்ந்து பேசிட்டிருங்க."

"சரி," என்றான்.

மகள் கையை ஆட்டிவிட்டு அம்மாவுக்கு முன்னால் இறங்கினாள். கீழே தையல்காரி அவளிடம் ஏதோ கேட்பதும், அவள் பதில் சொல்வதும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

ஐந்து மணிக்கு மேல் சுண்ணாம்பு வேண்டாம், திரை வேண்டாம். மொட்டைமாடி போதும்; வீடே வேண்டாம். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். எதுவும் இல்லாமல் போவதற்கு இது மேல்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பாயை விரித்துப் படுத்தான். முந்தின நாளிலிருந்து தூங்காத உடம்பு. ஆனாலும் கண் மூடவில்லை. மகள் உட்கார்ந்திருந்த இடத்தில் சுவர் சூடாக இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

எழுந்து சட்டையை மாட்டினான். ஜன்னல்களைத் திறக்காமலும் சாத்தாமலும் அப்படியே விட்டுவிட்டு ஆறு மணிக்கே கிடங்குக்குப் போய் நின்றான்.

"என்னப்பா, ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துட்ட?" என்றார் பகல் ஷிப்ட்காரர். "வீட்டுல ஒண்ணும் வேலை இல்லையா?"

"இல்லை," என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டான்.