அடித்துவிட்ட இரண்டு வரிகள்

"நாளைக்குக் கோவில்ல நீ வாசிக்கணும். இப்ப ஒரு தடவ வாசிச்சுக் காட்டும்மா," என்று மாமனார் ஜெபப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார்.

மருமகள் அப்போதுதான் தட்டுகளை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். ரெடிமேட் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைக்கிறவள். அங்கே அவளுக்குக் காலர்க்காரி என்றே பேர். பிரசவ விடுப்பில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பிள்ளைதான் இல்லை. இரண்டு நாள் மூச்சுவிட்டுப் பார்த்துவிட்டு, போதுமடா சாமி என்று போய்விட்டது. இன்றோடு மூன்று வாரம்.

பிள்ளை பெற்றவள் பீடத்தின் முன் முழங்காலிட்டு நன்றி ஜெபம் வாசிக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். வாசிக்கிறவரை கடைசி பெஞ்சுதான், அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்தும் கிடையாது. பிள்ளை பிழைத்தவளுக்கும் பிழைக்காதவளுக்கும் ஒரே ஜெபம். பெற்றவள் சாகவில்லையே, அதற்கு நன்றி சொல்ல வேண்டாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். பெரியவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒருத்தருக்கும் இடுப்புவலி கண்டதில்லை.

மாமனார் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 'சிசுவைத் தந்தருளின தயைக்காக' என்று வரும் இரண்டு வரிகளைப் பென்சிலால் அடித்து வைத்திருந்தார்.

"அத விட்டுட்டுப் படி. உனக்குக் கஷ்டமா இருக்கும்ல."

"மாமா, இதுல இருக்கற எதுவும் என் மனசுல இல்ல. நான் என் வாயால நாலு வார்த்தை சொல்லிக்கறேனே."

"ஆண்டவர்கிட்ட அடுப்படிப் பேச்செல்லாம் பேசக் கூடாதும்மா. அந்தக் காலத்துல முழங்கால் தேய ஜெபம் பண்ணி எழுதின பாஷை இது. ஆளாளுக்கு வாய்க்கு வந்தத சொன்னா அது கோவிலா, சந்தையா?"

இதே மாமனார் சபைக் கமிட்டியில் கண்ணை மூடினால், கூரை ஒழுகுவதிலிருந்து ஒலிபெருக்கி கரகரப்பதுவரை ஆண்டவரிடம் அரைமணி நேரம் சொந்தப் பேச்சில் முறையிடுவார். அதற்குப் பெயர் ஆவியில் நிறைந்த ஜெபம்.

காலர்க்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். அப்பா எதிரில் 'சரிப்பா' தவிர வேறு சொல் வராது.

"நாலு நிமிஷ வேலை. கண்ண மூடிட்டு வாசிச்சிட்டு வந்துரேன்," என்றான்.

"கண்ண மூடிட்டு எப்படிங்க வாசிக்கறது?" என்றாள் அலுப்போடு.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வெளிச்சத்தில் பார்த்தபோது புதுப் பென்சில் கோட்டுக்கு அடியில் மங்கலாக இன்னொரு கோடு தெரிந்தது.

"அத்தை, இது முன்னாடியே அடிச்சிருக்கே?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பவில்லை. "அது எனக்கு அடிச்சது. உன் புருஷனுக்கு முன்னால ஒண்ணு."

"நீங்க வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். அதோட ஆண்டவர்கிட்ட பேசறத விட்டுட்டேன். ஞாயித்துக்கெழமையானா போறேன், ஆமென் சொல்றேன், வரேன். உங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது."

பிள்ளையைப் பற்றி வீட்டில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. பேச்சுத்துணை என்று காலர்க்காரிக்கு மிஞ்சியிருந்தது ஆண்டவர் மட்டும்தான். நாளைக்கு இதை வாசித்தால் அதுவும் போய்விடும் என்று பயந்தாள்.

மறுநாள் பீடத்தின் முன் முழங்காலிட்டாள். புத்தகம் கையில் விரிந்திருந்தது. வாய் திறக்கவில்லை.

"வாசிம்மா," என்றார் போதகர் மெதுவாக. மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முன்வரிசையில் மாமனார் இருமினார். அடுத்த ஆராதனைக்கு ஆட்கள் வாசலில் கூடத் தொடங்கிவிட்டார்கள். போதகர் அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, அவளுக்குப் பதிலாகத் தானே வாசித்தார். "உமது அடியாளாகிய என்னைப் பிரசவ வேதனையினின்று மீட்டு இரட்சித்தபடியால் உமக்கு நன்றி செலுத்துகிறேன்," என்று அவருடைய கனத்த குரல் கோவில் முழுக்கக் கேட்டது. அடித்த இரண்டு வரிகளை மறக்காமல் விட்டுவிட்டார். ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. சபை ஆமென் என்றது.

"முடிஞ்சதும்மா. போய் உக்காரு."

அவள் எழுந்திருக்கவில்லை.

"அது நீங்க சொன்னதுங்கய்யா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"ஆண்டவரே, எனக்கு இன்னும் பால் ஊறுது. துணியெல்லாம் நனைஞ்சு போகுது. நீங்கதான் குடுத்தீங்க, நீங்கதான் எடுத்தீங்க. இத மட்டும் ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

போதகர் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். இதற்குச் சபை என்ன சொல்ல வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.