பொருந்தினால் சரிதான்

என் வீட்டுக்காரருக்குக் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ இனிமே உன்னை எப்படித் திட்டுறது?" என்பதுதான். பாவி மனுஷன்! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் தோளில் ஓர் அடி வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வயர்மேன். பெரிய கட்டிடங்களில் மின்சாரப் பேனல் கட்டுகிறவர். மேல் மாடியில் நின்று அவர் கத்தினால் கீழே சிமெண்ட் குழைக்கிறவன் கரண்டியைப் போட்டுவிட்டு நிமிர்வான். வீட்டிலும் அதே தொண்டைதான். செருப்பு எங்கே என்று அவர் கேட்டால் தெருவே தேட ஆரம்பிக்கும். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஊரார் துணியைப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கிறேன். அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்வேன். அவர் பத்தாவதைச் சொல்லாமல் விடமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் சத்தம் ஓய்ந்ததே இல்லை.

எங்கள் மகள் வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். செய்தி கேட்டு அழுது முடித்த பிறகு அவள்தான் ஒரு வழி சொன்னாள். ஒருவர் பேசிப் பதிவு செய்து வைத்தால், அதைக் கேட்டுக் கேட்டு அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளும் புரோகிராம் இருக்கிறதாம். பிறகு எதை டைப் செய்தாலும் அந்தக் குரலிலேயே பேசுமாம்.

"காசு கட்டினா இன்டர்நெட்லயே செஞ்சு குடுத்துடுவாங்கப்பா. நாம ஒண்ணும் வாங்க வேண்டாம்" என்றாள்.

"அதெல்லாம் ஆகாது. என் தொண்டையை ஊரான்கிட்ட குடுத்தா, நாளைக்கு அவன் என் குரல்ல சோப்பு விப்பான்."

"சோப்பு விக்க இந்தக் குரலா? வாங்க வந்தவன்கூட ஓடிடுவான்" என்றேன் நான்.

வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தது. ஓர் ஆபீசில் கழித்துக் கட்டிய பெட்டி அது. அவர் அங்கே வயரிங் வேலைக்குப் போனபோது கேட்டு வாங்கி வந்திருந்தார். பெட்டிக்குள் தாறுமாறாகக் கிடந்த கேபிள்களை அன்றைக்கே அவர் பேனல் கட்டுகிற மாதிரி ஒழுங்குபடுத்தி, பின்தகட்டுக்குள் மடித்து, டை போட்டு இறுக்கிவிட்டார். "பார்த்தியா, இதுதான் வேலை" என்று தகட்டைத் திறந்து காட்டினார். கேபிளைப் பார்த்து நான் என்னத்தைச் சொல்ல?

ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருந்தது. மகள் விடுப்பில் வந்து மைக்கை வைத்தாள். உள்ளறையில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து அவர் பேசினார். என் தையல் மெஷின் சத்தம் உள்ளே கேட்கிறது என்று நான் அந்த மாதம் மிதிக்கவே இல்லை. வந்த துணியையெல்லாம் திருப்பி அனுப்பினேன். தொண்டை வலிக்க வலிக்க, வெந்நீர் குடித்துக் குடித்து அவர் பேசினார். மகள் திரையில் காட்டிய வரிகளைப் படிப்பார். படித்து அலுத்தால் அவர் பாட்டுக்கு ஆரம்பித்துவிடுவார்.

"டேய், கண்ணை மூடிக்கிட்டுச் செருகினாலும் தப்பு வரக்கூடாது. அதுக்குத்தான்டா ஒவ்வொரு கரண்ட்டுக்கும் ஒவ்வொரு சாக்கெட் வச்சிருக்கான். பொருந்தலைன்னா போராடாதே. பொருந்தினா சரிதான்."

சைட்டில் வேலை பழக வருகிறவர்களுக்கு அவர் தினமும் ஓதுகிற மந்திரம் அது. அதையும் பதிவு செய்துகொண்டாள் மகள்.

கடைசி நாள் மகளையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"உள்ளே என்ன பேசினீங்க?"

"உனக்கில்ல மகாராணி, மெஷினுக்கு. அது கத்துக்கிட்டு உனக்குச் சொல்லும், கேட்டுக்கோ."

எல்லாம் பெட்டிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்கில் ஏறியது. அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று, பக்கத்திலேயே இருந்த இரண்டாவது டிஸ்கிலும் மகள் ஒரு நகல் போட்டாள். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்றாள். நானும் நிம்மதியாகத் தலையாட்டினேன்.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தின் அடியில் ஓட்டை, மூச்சு அதன் வழியாக. வீட்டுக்கு வந்த பிறகு, எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் சிலேட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கோபம் வந்தால் அதில் பெரிய எழுத்தாக எழுதுவார். எழுதி முடிப்பதற்குள் நான் அடுப்படிக்குப் போயிருப்பேன். பின்னாலேயே சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சண்டை போடுவதையே நிறுத்தினேன். எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த அமைதியை நான் அடியோடு வெறுத்தேன்.

இனி குரலைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு அந்தப் பழைய பெட்டியின் மூளை போதாது, கிராபிக்ஸ் கார்டு ஒன்று வேண்டும் என்றாள் மகள். கடைக்குப் போன எங்களிடம் போனில், "கேம் விளையாடுறதுக்கு இல்லை, எட்டு ஜிபி மெமரி இருக்கான்னு கேளும்மா, வேகம் குறைஞ்சா பரவாயில்லை" என்று பாடம் நடத்தினாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், சுற்றிலும் பிரித்துப்போட்ட எலும்புக்கூடுகளோடு உட்கார்ந்திருந்தார். நான்தான் பேசினேன். என்ன வேலைக்கு என்று சொன்னதும், விலை கூடிய கார்டை நோக்கி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"உங்க பெட்டி பழசும்மா. இதுல புதுசாப் பெரிய கார்டு போட்டா, கார்டு ஓடும், பெட்டி ஓடாது. காசுதான் வேஸ்ட். இது ரெண்டு தலைமுறை பழைய மாடல், மெமரி எட்டு இருக்கு. உங்களுக்கு இது போதும்."

"ஓட்டி ஓட்டித் தேஞ்சதா? பிட்காயின் தோண்டுறேன்னு ராப்பகலா ஓட்டின கார்டை எங்க தலையில கட்டிட மாட்டீங்களே?"

அவர் சிரித்துவிட்டார். "விவரமாத்தான் வந்திருக்கீங்க. இது சீல் பிரிக்காதது."

கார்டு முடிந்தது. அடுத்தது பவர் சப்ளை, பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற சாமான். வீட்டிலிருக்கிற பழையது அந்தக் கார்டுக்குத் தாங்காது என்றார். அவர் எடுத்து வைத்த இரண்டில் ஒன்று மலிவு, ஒன்று விலை கூடுதல். நான் மலிவானதைத் தொட்டேன்.

"யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுறீங்களே! கார்டுல மிச்சம் பிடிங்க, கரண்ட் குடுக்கிறதுல மிச்சம் பிடிக்காதீங்க. இதுல எழுதியிருக்கிற வாட் வேற, குடுக்கிற வாட் வேற. ஒருநாள் வெடிச்சா மொத்தத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்."

என் வீட்டுக்காரர் இரண்டையும் இரண்டு கைகளில் எடுத்தார். காய்கறி நிறுக்கிற மாதிரி ஏற்றி இறக்கினார். மலிவானது இலேசு. உள்ளே செம்பும் இரும்பும் குறைவு என்று அவருக்குக் கையிலேயே தெரிந்துவிட்டது. அதை மேஜையில் தள்ளிவிட்டு, கனமானதை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கடைக்காரர், "ஐயாவுக்குத் தொழில் தெரியுது" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் பழைய பெருமையைப் பார்த்தேன். மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டேன்.

மலிவானதில் கேபிள்கள் எல்லாம் உடம்போடு ஒட்டியே இருந்தன. கனமானதில் மதர்போர்டு கேபிள் மட்டும் ஒட்டியிருந்தது. மற்றவை கழற்றி மாட்டுகிற வகை, தனிப் பையில். இந்த வித்தியாசத்தை நான் பார்த்தேன். பார்த்து என்ன பயன்?

"கொண்டு வாங்க, நானே மாட்டித் தரேன்" என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரர் கையை அசைத்து மறுத்தார். சிலேட்டில் 'நான் வயர்மேன்' என்று எழுதிக் காட்டினார்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வரேன். நானே மாட்டுறேன், அதுவரைக்கும் தொடாதீங்க" என்று மகள் போனில் படித்துப் படித்துச் சொன்னாள். யாரிடம்? ஒரு ஸ்க்ரூவைக்கூட அடுத்தவனைத் திருக விடாத மனுஷனிடம்.

மறுநாள் காலையிலேயே தரையில் துணியை விரித்து உட்கார்ந்துவிட்டார். நான் முன்னறையில் தைத்துக்கொண்டே பார்த்திருந்தேன். பழைய சப்ளையைக் கழற்றினார்; அதிலும் டிஸ்க் கேபிள் உருவி எடுக்கிற வகைதான். புதியதை வைத்தார். கார்டைச் செருகினார். கார்டுக்குப் போகிற கேபிள் பழையதில் இல்லை, அதனால் புதுப் பையிலிருந்து எடுத்து மாட்டினார். டிஸ்குகளுக்குப் போகிற கேபிள் மட்டும் பின்தகட்டுக்குள் அவர் கட்டிய கட்டிலேயே, வரிசை கலையாமல், அன்று கட்டியது போலவே இருந்தது. அதன் முனையை எடுத்துப் புதிய சப்ளையின் சாக்கெட்டில் வைத்தார். கிளிக் என்று உட்கார்ந்தது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பிறகு சுவிட்சைப் போட்டார்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே இன்னொரு 'டிக்'. கார்டின் விசிறிகள் அழகாகச் சுற்றின. திரையும் எரிந்தது. ஆனால் டிஸ்க் எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அதற்குள் கருகல் நாற்றம் வந்துவிட்டது. ஆயுசு முழுக்க அந்த நாற்றத்தை மோந்தவர் அவர். எதிலிருந்து வருகிறது என்று அவர் தேடவில்லை. நேராக டிஸ்குகளின் மேல் கையை வைத்தார், சுட்டது போல எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

கடைக்காரரிடம் ஓடினேன். டிஸ்க் இரண்டையும் திருப்பிப் பார்த்தவர், கேபிளைக் கேட்டார். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, பழைய சப்ளையோட கேபிளா? பிளக் ஒரே மாதிரி இருக்கும்மா. உள்ளே வயர் வர்ற வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற. அஞ்சு வோல்ட் போற இடத்துல பன்னெண்டு போயிருக்கு."

"பொருந்துச்சேங்க!"

"பொருந்தும். அதான் கொடுமை."

மலிவானதை வாங்கியிருந்தால் கேபிள் அதோடு ஒட்டியே வந்திருக்கும். வேறு எதையும் செருக வழியே இருந்திருக்காது. நல்ல சாமானாகப் பார்த்து வாங்கினோம், அதனால் கெட்டோம். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

டிஸ்கிலிருந்து பதிவை மீட்டெடுக்கிறவர்களிடம் மகள் அனுப்பிப் பார்த்தாள். இரண்டும் திரும்பி வந்தன. வெளியே மட்டும் அல்ல, உள்ளேயும் கருகிவிட்டதாம். "இன்னொரு காப்பியை நான் கையோட கொண்டு போயிருக்கணும்மா" என்று என் மடியில் விழுந்து அழுதாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வார்கள். எங்கள் தாழியை அதைக் கட்டிக் காத்தவரே உடைத்தார்.

அவர் அழவில்லை. பல நாள் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அதே கேபிளை அதே சாக்கெட்டில் செருகுவார், உருவுவார், மறுபடியும் செருகுவார். கிளிக், கிளிக் என்று அடுப்படி வரைக்கும் கேட்கும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் போய் நின்று கத்தினேன்.

"அதைத் தொடாதீங்கன்னு அவ சொன்னாளா இல்லையா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலையா? உள்ளே போய் எனக்குன்னு என்னத்தைப் பேசி வச்சீங்க? அதை இனி எவன் வந்து சொல்லுவான்?"

இவ்வளவையும் கொட்டிவிட்டு, பழக்கதோஷம், அவருடைய பத்தாவது பதிலுக்காகக் காத்து நின்றேன். அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. கழுத்து ஓட்டையில் மூச்சு மட்டும் புஸ்ஸென்று வந்தது. சிலேட்டை எடுத்து ஒரே ஒரு சொல் எழுதினார். 'பொருந்துச்சு.' அதற்குப் பிறகு நான் அவரைத் திட்டவே இல்லை.

மகள் புது டிஸ்க் போட்டு, புரோகிராமோடு வருகிற தயார்க் குரல் ஒன்றை அதில் ஏற்றினாள். "ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நேற்று மதியம், தையல் மெஷினில் ஒரு பேண்ட்டுக்கு அடி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. இளவயதுக் குரல். மரியாதையான, பதமான குரல்.

"சாப்பிட்டாயா?"

தூக்கிவாரிப் போட்டது. வாசல் கதவு தாழிட்டுத்தான் இருந்தது. கத்திரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"யாருங்க அது?"

விசைகள் ஒவ்வொன்றாக அமுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான்" என்றது அந்தக் குரல்.

கதவோரம் போய்ப் பார்த்தேன். கீபோர்டின் மேல் விரலை வைத்தபடி அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லியாக வேண்டும். அவரிடம் பேசுகிற பேச்சு எதுவும் அந்தக் குரலுக்கு என் வாயில் வரவில்லை.

"ஆச்சுங்க" என்றேன், யாரோ வேற்றாளுக்குச் சொல்வது போல.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சுவிட்சை அணைத்தார்.