அரைமணி நேரக் காற்று

கொடியின் கடைசியில் தொங்கிய நீலச் சட்டையின் கைப்பட்டியை வெர்னா தொட்டுப் பார்த்தாள். ஈரம். மற்ற துணிகள் எல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தன. கீழே காலிக் கூடை. அதன் பக்கத்தில், முகம்வரை இழுத்துவிட்ட போர்வைக்குள் அப்பா.

தம்பி லைல் பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தபோதே மூச்சு இல்லை. உடனே அவளை அழைத்தான். பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் நாற்பது மைல் தாண்டி வரவேண்டும்.

"பத்து மணிக்கு வந்து கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன்க்கா." லைல் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "காத்து எழும்பிடுச்சு, அறுத்துப் போட்ட குதிரைமசால் தீவனம் காயுது, இலை உதிர்றதுக்குள்ள கட்டு கட்டிடலாம்னு இருந்துட்டேன்."

முற்றத்துத் தகரத் தொட்டியில் தண்ணீர் ஆவியாகி எவ்வளவு குறைந்தது என்று முப்பத்தோரு வருடம் தினமும் அளந்து வானிலை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியவர் அப்பா. சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான். "வெயில் தண்ணியைக் கெளப்பிவிடும், அள்ளிட்டுப் போறது காத்துதான்" என்பார். இப்படி அனலாய் வீசும் கான்சாஸ் காற்றில் தடித்த சட்டை காய அரைமணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி. அது அவளுக்கும் தெரியும், லைலுக்கும் தெரியும்.

அப்படியென்றால் பதினொன்றரைக்கு அப்பா இங்கே நின்று துணி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். லைல் சொன்னபடி வந்திருந்தால் அந்நேரம் ஊருக்குள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். வெர்னா படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். இது தெரிந்தால் இவன் தாங்க மாட்டான்.

"எத்தனை மணிக்குக்கா நடந்திருக்கும்?"

"காலையிலேயே, பத்து மணிக்கு முன்னாடியே இருக்கும்டா."

"துணி காஞ்சிருக்கா?"

அப்பா பெற்ற பிள்ளை வேறு எதைக் கேட்பான்.

"எல்லாம் காஞ்சிருச்சு."

"சும்மா சொல்லாத." அவன் எழுந்தான்.

"முதல்ல போய் மூஞ்சியைக் கழுவு. அப்பாவோட மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துட்டு வா, வர்றவங்க கேப்பாங்க."

அவன் உள்ளே போனதும் சட்டையைக் காற்றுக்கு எதிரே திருப்பி, அதன் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தாள். தோட்டத்தைக் கருக்கி, ரொட்டியில் மண்ணைப் போடும் இந்தக் காற்றை வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறாள். இன்று அதனிடம் கெஞ்சினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் வீசு. கண்ணீர்கூடக் கன்னத்தில் நிற்காமல் காய்ந்தது.

லைல் சீட்டோடு வந்தான். நேரே கொடிக்குப் போய்க் கைப்பட்டியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தான். ஈரமில்லை.

"காலையிலேயே போயிட்டாரு" என்றான். அப்போதுதான் வாய்விட்டு அழுதான்.

"ஆமாண்டா."

வெர்னா சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தாள். மார்புப் பையின் இரட்டைத் துணி கைக்கு இன்னும் ஈரக் குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. பை உள்பக்கம் போகும்படி மடித்து, கூடையின் அடியில் வைத்து, மேலே மற்ற துணிகளை அடுக்கினாள்.