தையற்காரி வீட்டுக் கழுகுகள்

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தையற்காரியின் கணவனும் மகனும் கழுகாகிப் போனார்கள். அன்று குழாயில் தண்ணீர் வராததுதான் தெருவில் பெரிய பேச்சாக இருந்தது. மகன் அன்றைக்கே இரை தேடிக் கிளம்பிவிட்டான். ஆற்றைத் தாண்டினான், மலையைத் தாண்டினான், கடலோரத்தில் அவனைப் பார்த்ததாக லாரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். கூடு அமையும்வரை இளங்கழுகு அப்படித்தான் திக்குத் திசை தெரியாமல் அலையும். கூடுள்ள கழுகோ கூட்டைச் சுற்றியே வேட்டையாடும். கணவன் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போனதேயில்லை. பிள்ளைதான் ஊர்சுற்றி, புருஷனாவது வீடு தங்குகிறானே என்று அவள் நிம்மதியாகத் துணி வெட்டினாள்.

சாயங்காலம் கணவன் மீனோடு வந்து அவளுடைய இடது தோளில்தான் உட்காருவான். நகம் கிழிக்காதிருக்கத் தன் சட்டைகளிலெல்லாம் அந்த இடத்தில் லெதர் துண்டு வைத்துத் தைத்துக்கொண்டாள். மீன் எப்போதும் பாதிதான் இருக்கும். மீதி எங்கே என்று முதல்நாள் கேட்டாள்.

"தொட்டிமேல பையன் வந்து நின்னான். பசிக்குதுன்னான். மனசு கேக்கல."

"இனிமே தலைப்பக்கத்த அவனுக்கே குடுத்துடுங்க" என்றாள். இரண்டு வருடம் வால்துண்டையே தின்றாள், அதுவும் சந்தோஷமாக.

மூன்றாம் வருடம், மூன்று தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருப்பவள் சட்டைத் துணியோடு வந்தாள். "அக்கா, இடது தோள்ல மட்டும் தடிமனா லெதர் வெச்சுத் தச்சுக் குடுங்க." அளவுக்கென்று அவள் கொண்டுவந்த பழைய சட்டையின் இடது தோள் நார்நாராகக் கிழிந்திருந்தது. பூனையாக இருக்கும் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டு தையற்காரி தைத்து முடித்தாள்.

அந்த வாரமே மகன் வந்து ஜன்னலில் இறங்கினான். எலும்பும் இறகுமாக இருந்தான்.

"அப்பா குடுக்கறது பத்தலையாடா?"

"அப்பாவா? நான் பறந்துபோன அன்னிக்குப் பாத்ததுதாம்மா. அப்புறம் கண்ணுலயே படல."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பாள். பெற்ற பிள்ளையின் பசியைச் சொல்லி ஏமாற்றினானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் கணவன் பாதி மீனோடு வந்தான். உள்ளே மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அலகைத் திறந்தான். மீன் கீழே விழுந்தது.

"மருந்துக்கடைக்கே போங்க" என்றாள் அவள். "சட்டையெல்லாம் நல்லாத் தச்சுக் குடுத்திருக்கேன். நகம் இறங்காது."

ஜன்னலைச் சாத்தினாள். மறுநாளிலிருந்து மருந்துக்கடைக்காரியின் தோளில் கழுகு உட்கார்ந்திருந்தது. ஜனங்கள் இருமல் மருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

உடம்பு தேறியதும் மகன் கிளம்பினான். எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

"தெரியலம்மா. கூடு கட்ற வரைக்கும்."

"கட்டினா ஒண்ணோட நிறுத்திக்கோ" என்றாள்.

சரியென்று தலையாட்டிவிட்டு அவன் கடல் பக்கமாகப் பறந்தான்.