நெல்லிச்சாறும் நீல சொக்காவும்

"நேத்து எத்தினி நிமிசம் கொதிச்சுது, தரணி?"

தேவேந்திரன் என்னிடம் முதன்முதலில் கேட்டது அதுதான். தமிழும் தெலுங்கும் பேசும் எல்லையோரப் பங்காருபாளையத்தில் கோவர்த்தனன் முதலாளியின் மாங்கூழ் ஆலையில் அவர் பாய்லர் பார்ப்பவர். நான் பழக் காலத்தில் பழம் பிரிப்பேன், மற்ற மாதங்களில் டின் துடைப்பேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவள், வாய் திறக்காதவள். "பன்னெண்டு" என்று மட்டும் சொன்னேன். அதை எழுதி வைத்த நோட்டு காலிக் கூடைகளுக்கு அடியில் இருப்பதைச் சொல்லவில்லை.

கூழைக் காயவைத்து நாங்கள் செய்யும் மாம்பழத் தாண்ட்ரா மூன்றே மாதத்தில் கறுத்துவிடும். அதைத் தடுக்க தேவேந்திரன் வேலை முடிந்ததும் ஆலைக்குப் பின்னால் ஒரு குண்டானில் கூழோடு எதையாவது சேர்த்துக் காய்ச்சுவார். எலுமிச்சை, புளி, மார்கழியில் நெல்லிச்சாறு. ஆறாவது தடவை செய்த தாண்ட்ரா பங்குனி தாண்டியும் மஞ்சளாகவே இருந்தது.

உடனே முதலாளி திருப்பதிக்குப் போய் ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் கேட்டார். வைகாசியில் கிடைத்தது.

"ஆர் அண்ட் டி வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆர் அண்ட் பி, ரோடு போடும் இலாகா.

"ரோடு எப்ப மொதலாளி போடுவாங்க?" என்றாள் என்னோடு டின் துடைக்கும் செங்கம்மா.

"ரோடு இல்லம்மா, ஆராய்ச்சி!"

"அப்ப நம்ம ரோட்டுக் குழியில ஆராய்ச்சி பண்ணச் சொல்லுங்க. போன வாரம் எறங்குன ஆட்டோ இன்னும் ஏறல."

ஏசி அறை வந்தது. நிறம் அளக்கும் மெஷின் வந்தது. திருப்பதியிலிருந்து பிரேமலதா மேடம் வந்தார். நல்லவர், ஆனால் நாள் முழுக்கப் படிவம் நிரப்பினார். டிகிரி இல்லாதவர்கள் அறைக்குள் போகக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். குண்டானுக்கும் தடை. "சர்க்கார் பணம்பா தேவேந்திரா. கண்டதையும் காய்ச்சினா ஆடிட்ல கேப்பாங்க."

எட்டு மாதம் எதுவும் கொதிக்கவில்லை. தேவேந்திரன் ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் வேலை வாங்கிவிட்டார். தை மாதம் திருப்பதி அதிகாரி ஆய்வுக்கு வந்த அன்று மதியமே தேவேந்திரனுக்கு பஸ். அவருடைய துணிப்பை பாய்லர் பக்கத்து ஆணியில் தொங்கியது.

அதிகாரி மேடத்தின் ஃபைலைப் புரட்டினார். மெஷின் வாங்கிய தாள்கள்தான் இருந்தன.

"விண்ணப்பத்தில் சொன்ன நெல்லிச்சாறு சோதனையைச் செய்தது யார்?"

"எங்க பாய்லர் ஆளு சார்" என்றார் முதலாளி.

"எழுதி வைத்திருக்கிறாரா?"

தேவேந்திரன் இல்லையென்று தலையாட்டினார். நான் ஆணியைப் பார்த்தேன். ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. முதலாளி ஒவ்வொரு வரியாகப் படித்துத் தெலுங்கில் சொன்னார். "'ஆறாவது தடவை. நெல்லிச்சாறு இரண்டு டம்ளர். பதினெட்டு நிமிடம். தேவேந்திரன் இன்று நீல சொக்கா.'"

கடைசி வரியைத் தெலுங்கில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. சொக்கா இரண்டு மொழியிலும் சொக்காதான்.

"எவரி சொக்கா?" என்று, யாருடையது எனத் தெலுங்கில் கேட்டார் அதிகாரி.

எல்லாரும் தேவேந்திரனைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றும் அதே சட்டை.

"அடியே, ஊமக் கோட்டான்!" என்று செங்கம்மா என் முதுகில் அடித்தாள். எனக்கு அங்கிருந்த டின் ஒன்றுக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி தேதிகளைப் பார்த்தார். "இதெல்லாம் பணம் வருவதற்கு முன்னால் செய்தது. வந்த பிறகு?"

முதலாளி பக்கம் புரட்டினார். குரல் இறங்கியது. "'மெஷின் வந்தது. கொதிக்கவில்லை.' 'கொதிக்கவில்லை.' 'கொதிக்கவில்லை.'"

"ஏன் நிறுத்தினீர்கள்?"

"அவனுக்கு டிகிரி இல்ல சார்."

"டிகிரி இல்லாதவர் செய்யக்கூடாதென்று யார் சொன்னது?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "நான்தான் சார். சர்க்கார் பணமாச்சேன்னு பயந்துட்டேன்."

"புதிதாக எதுவும் நடக்காவிட்டால் மீதிப் பணம் வராது."

முதலாளி ஏசி அறையின் கண்ணாடிக் கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டார். "தேவேந்திரா, இன்னிக்கி என்னத்தக் காய்ச்சலாம்?"

தேவேந்திரன் கதவைப் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார். ஆணியில் பையை அப்படியே விட்டுவிட்டு, கரி பிடித்த குண்டானை எடுத்துக்கொண்டு, ஆலைக்குப் பின்னால் இருக்கும் நெல்லி மரத்துப் பக்கம் போய்விட்டார்.