சுவரொட்டியும் மெமோவும்

காலை ஏழரை மணிக்குப் பணி மாறும் வேளையில், திருவானைக்காவலை அடுத்திருந்த அந்த மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு சிறு தேர்வு நடைபெறுவது வழக்கம். தேர்வு நடத்துபவர் பிரிவின் தலைமை மருத்துவரான பிலோமின்ராஜ். நாள்தோறும் ஒரு செவிலியரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார்.

"பிரான்சி சிஸ்டர், கங்காரு கேர்னா என்ன?"

பிரான்சி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "எடை குறைஞ்ச குழந்தைய அம்மாவோட வெறும் நெஞ்சுல ஒட்டினாப்ல நிமித்தி வச்சு, துணியால கட்டணும் சார். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். உடம்புச் சூடு குறையாது. பால் ஊறும். தொத்து வராம காக்கும். நெறைய உயிர் பிழைக்கும்."

மருத்துவர் மகிழ்ந்தார். அதே விடை அவருக்குப் பின்னாலிருந்த சுவரொட்டியிலும் அச்சாகியிருந்தது. அடியில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. அந்த ஓராண்டில் இது குறித்து நான்கு பயிற்சி வகுப்புகளும் நடந்திருந்தன. ஆயினும், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நான்கு குழந்தைகளும் வார்மர் எனப்படும் கதகதப்புக் கருவிகளின் கீழேதான் கிடந்தன. ஒரு தாயின் நெஞ்சிலும் ஒரு குழந்தையும் இல்லை.

அவற்றுள் ஒன்று செல்லக்கிளியின் மகள். பிறந்து பன்னிரண்டு நாளாகியும் எடை ஆயிரத்து நானூறு கிராமைத் தாண்டவில்லை; அன்று காலையில் இருபது கிராம் குறைந்துமிருந்தது. பிரிவுக்கு வெளியே நடையிலிருந்த இரும்பு நாற்காலியில் அமர்ந்து செல்லக்கிளி பீய்ச்சிக் கொடுக்கும் பாலை, மூக்கின் வழியே செல்லும் மெல்லிய குழாயில் செவிலியர்கள் புகட்டினார்கள். அந்தப் பாலும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. மூன்று நாளில் எடை ஏறாவிடில் நரம்பின் வழியே ஊட்ட வேண்டும் என்றும், இத்துணைச் சிற்றுடலில் அதனால் தொற்று வந்துவிட்டால் பிழைப்பது கடினம் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

அன்று பெலிண்டா வந்தாள். செவிலியர் கல்லூரி ஆசிரியையான அவள், நல்லதென்று ஆய்வுகள் மெய்ப்பித்த முறைகள் ஏன் நடைமுறைக்கு வருவதில்லை என்பதை ஆராய்பவள்.

"அஞ்சாவதா ஒரு கிளாஸ் எடுத்துடுங்க மேடம்" என்றார் மருத்துவர்.

"நாலு வேளை கொடுத்தும் கேக்காத மாத்திரைய அஞ்சாவது வேளையும் எழுதுவீங்களா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "வேற மாத்திரை வச்சிருக்கீங்களா?"

"முதல்ல என்ன நோய்னு பாக்கணுமே. ஒருத்தர் ஒன்னைச் செய்யலைன்னா, அவருக்குத் தெரியலைங்கறது ஒரு கோட்பாடு. வசதி இல்லைங்கறது இன்னொன்னு. செஞ்சா என்ன ஆகுமோன்னு பயப்படுறார்ங்கறது வேற ஒன்னு. எதைக் கையில எடுக்குறோமோ, அதுக்கேத்த கேள்விதான் நமக்குக் கேக்கத் தோணும். நீங்க முதலாவத எடுத்துட்டீங்க. அதான் தினம் பரீட்சை வைக்கிறீங்க."

"எங்க சிஸ்டருங்க பயந்த ஆளுங்க இல்ல மேடம். அக்கறை போதாதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

"ஒரு நாள் டைம் கொடுங்க சார்."

பெலிண்டா முதலில் அறையைச் சுற்றிப் பார்த்தாள். திரைச்சீலை இருந்தது. சாய்ந்து அமரும் நாற்காலி ஒன்று இருந்தது. கட்டுவதற்குரிய பருத்தித் துணிகள் மடிப்புக் கலையாமல் அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு தாயை அமர்த்துவதற்குக்கூட வசதி இல்லை என்று யாரும் சொல்ல இயலாது. பிறகு நடைக்குச் சென்று செல்லக்கிளியின் பக்கத்தில் அமர்ந்தாள்.

"பாப்பாவ மேல வச்சுக்கணும்னு கேட்டியாம்மா?"

"கேட்டேன் மேடம். அந்தச் சின்ன சிஸ்டர் பாப்பா மூக்குல இருக்கற டியூப்பையே பாத்தாங்க. அப்புறம், 'டாக்டர் வரட்டும்மா'ன்னாங்க. டாக்டர் வந்தாரு. அவங்களும் கேக்கல, நானும் கேக்கல." தன் விரலை நீட்டிக் காட்டினாள். "பன்னண்டு நாள்ல ரெண்டு தடவ தொட்டிருக்கேன். சுண்டு விரலால."

பெலிண்டா தலைமைச் செவிலி சகாயம்மாளிடம் சென்று நேராகவே கேட்டாள். "டியூப்னா இங்க ஏங்க எல்லாரும் பதறுறாங்க?"

சகாயம்மாள் கதவைச் சாத்திவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி வந்த மெமோ. எங்க வெள்ளையம்மாளுக்கு. இந்த வார்டுல பதினேழு வருஷம் பாத்தவங்க. நெஞ்சுல கட்டியிருந்தப்ப புள்ள தும்மி டியூப் நழுவிடுச்சு. உடனே திரும்பப் போட்டுட்டாங்க. அந்தப் புள்ள இப்ப லால்குடியில ஓடியாடிட்டு இருக்கு. ஆனா இவங்களுக்குக் கவனக்குறைவுன்னு மெமோ. அன்னிக்கே ஓ.பி.யில சீட்டு எழுத அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் இங்க எவளும் அந்தத் துணியத் தொடல."

"வார்மர்ல இருக்கும்போது நழுவினா?"

"அது வாரத்துக்கு ரெண்டு மூணு நழுவும். அதுக்கெல்லாம் மெமோ கெடையாதுங்க."

மறுநாட்காலை பெலிண்டா சுவரொட்டியைக் கழற்றி மருத்துவரின் மேசைமேல் விரித்தாள். அதனருகே மெமோவை வைத்தாள். "ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் சார்."

மெமோவில் மூன்றே வரிகள். மருத்துவர் அவற்றை நெடுநேரம் படித்தார்.

"இதை எழுதினதே எனக்கு ஞாபகமில்ல."

"அவங்களுக்கு இருக்கு."

பிலோமின்ராஜ் எழுந்தார். ஆளனுப்பாமல் தாமே படியிறங்கி, வெளிநோயாளர் பகுதியில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த வெள்ளையம்மாளின் முன் போய் நின்றார்.

"வாங்க சிஸ்டர். ஒரு குழந்தையக் கட்டணும்."

வெள்ளையம்மாள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "டியூப் நழுவினா சார்?"

"வார்மர்ல நழுவினா என்ன பண்றோமோ அதையே பண்ணுவோம். நான் உங்களுக்குக் கொடுத்த மெமோ தப்பு. இனிமே பதில் சொல்ல வேண்டியவன் நான்."

"அதை எழுதிக் கொடுத்துருங்க சார். மெமோவ எழுதித்தானே கொடுத்தீங்க."

அவர் அங்கேயே நின்றபடி எழுதிக் கையொப்பமிட்டார். அத்தாள் அன்றே, மீண்டும் சுவரேறிய சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது.

திரைக்குள் செல்லக்கிளி சாய்ந்து அமர்ந்தாள். வெள்ளையம்மாள் குழந்தையை இரு கைகளிலும் ஏந்தி, தாயின் நெஞ்சுக்கு நடுவே நிமிர்த்தி, தலையை ஒருபுறம் திருப்பி, துணியைச் சுற்றிக் கட்டினாள். ஈராண்டு இடைவெளியை அவள் விரல்கள் அறியவே இல்லை. குழந்தை தவளையைப் போலக் கால்களை மடக்கிக்கொண்டு ஒட்டிக்கொண்டது. விட்டுவிட்டுத் துடித்த அதன் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. தாயின் மார்பு எழும்போது அச்சிறு முதுகும் எழுந்தது, தாழும்போது தாழ்ந்தது. இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் திரையில் ஏறியும் இறங்கியும் அலைந்துகொண்டிருந்த எண்கள் ஓரிடத்தில் நிலைத்தன. இவ்வனைத்தையும் வரி பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்த பிரான்சி, கண்ணால் அதுவரை கண்டதில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முப்பதாண்டு மருத்துவரான பிலோமின்ராஜும், கோயிலுள் நுழைந்தவர்போலக் காலணியைக் கழற்றிவிட்டு நின்றதைப் பிறகே உணர்ந்தார்.

அரை மணி நேரத்தில் செல்லக்கிளியின் சேலை பாலால் நனைந்தது.

அரிசி ஆலையில் இரவு வேலை முடித்து, தவிடு படிந்த சட்டையோடு மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்கிய அவள் கணவன் நல்லுசாமி கண்ணாடிக் கதவைச் சற்றே திறந்து, திரையின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தான். "என்ன சிஸ்டர், ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிட்டீங்க. அவுத்து ஒருத்தியையாவது எங்கிட்டக் கொடுப்பீங்களா?"

"சும்மா இருங்க. தூங்குது" என்றாள் செல்லக்கிளி. அவள் கண்களைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் குழந்தையின் எடை முப்பத்தைந்து கிராம் ஏறியிருந்தது. நரம்பு வழி ஊட்டலுக்குத் தேவை ஏற்படவில்லை.

அன்று காலைத் தேர்வில் மருத்துவர் வேறொரு கேள்வி கேட்டார். "பிரான்சி சிஸ்டர், இன்னைக்கு உங்களத் தடுக்கிறது எது?"

பிரான்சி தயங்கினாள். "பயம் போயிடுச்சு சார். ஆனா நாலு அம்மாங்க இருக்காங்க. சாஞ்சு உக்கார நாற்காலி ஒன்னுதான்."

"அப்ப நேத்து வரைக்கும் சரியா இருந்த பயங்கற கோட்பாடு இன்னைக்கு ஆகாது. இப்ப தடை வசதிதான்" என்றாள் பெலிண்டா.

பிலோமின்ராஜ் தம் அறைக்குச் சென்று, தாம் அமரும் சாய்வு நாற்காலியைத் தாமே தள்ளிக்கொண்டு வந்தார். அதை வார்மருக்கு அருகில் நிறுத்திவிட்டு அனைவரையும் நோக்கிச் சொன்னார்.

"நல்லது எதுன்னு கண்டுபிடிக்கிறதோட வேலை முடியல. அது ஏன் நடக்கலைங்கறதுக்குச் சரியான காரணத்தையும் தேடிப் பிடிக்கணும். அவங்களுக்குத் தெரியல, அக்கறையில்லன்னு சொல்லிக்கறது ரொம்ப சுலபம், ஏன்னா அந்தக் காரணத்துல நம்ம தப்பு வெளிய வராது. ஒரு வருஷமா உங்களுக்குப் பாடம் நடத்தினேன். தடை என் கையெழுத்துலதான் இருந்துச்சு."