மீசை வைத்த சூசையப்பர்

ஞானம்மா வரப்போகிற செய்தி டிசம்பர் பத்தாம் தேதி போனில் வந்தது. ஜெயராஜ் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நர்மதாவுக்கும் கேட்டது.

"இருபத்தி நாலு காலையில வர்றேன். கிறிஸ்துமஸ் முடிச்சிக்கினுதான் கெளம்புவேன். உன் பொண்டாட்டி ஊட்ட இன்னா லட்சணத்துல வெச்சிக்கினுகீறான்னு ஒரு வாட்டி பாக்கணும்."

ஞானம்மா ஜெயராஜின் அக்கா. அம்மா போன பிறகு திருவள்ளூரில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை செய்து தம்பியை வளர்த்தவள். அவன் கடம்பத்தூர்ப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்துப் பெண்ணான நர்மதாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அக்கா ஒருமுறைகூட வாசலை மிதித்ததில்லை.

"வரட்டும்," என்றாள் நர்மதா. ஜெயராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வைத்தான்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆறு வீட்டு லைனில் நாலாவது வீடு அவர்களுடையது. ஒரே அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இரும்பாலைக் கரித்தூள் ஷீட் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். காலையில் துடைத்த தட்டில் மதியம் விரலால் பேர் எழுதலாம். ஜெயராஜ் காண்ட்ராக்ட் ஃபிட்டர். அந்த மாதம் ஓவர்டைம் இல்லை. போனஸைப் பொங்கலுக்குத் தள்ளிவிட்டார்கள். கோழிக்கும் கேக்குக்கும் ஒதுக்கியது போக அலங்காரத்துக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை.

நர்மதா கையில் கிடைத்ததை வைத்து ஆரம்பித்தாள். பழைய மஞ்சள் சேலை ஒன்றையும் சிவப்புச் சேலை ஒன்றையும் அடுத்த வீட்டு ஜபீனின் தையல் மெஷினில் இணைத்துத் தைத்து, ஷீட்டுக்குக் கீழே கூடாரம்போல இழுத்துக் கட்டினாள். கரித்தூள் விழுவது நின்றது. அறையும் வேறு அறையாகிவிட்டது. கம்பெனி குப்பையிலிருந்து ஜெயராஜ் கொண்டுவந்த தெர்மாகோலை அறுத்துக் கிறிஸ்துமஸ் குடில் செய்தாள். மூங்கில் குச்சியை வளைத்து, காத்தாடிப் பேப்பர் ஒட்டி, ஸ்டார் கட்டினாள். ஏரிக்கரைக் களிமண்ணைப் பிசைந்து மாதா, சூசையப்பர், குழந்தை யேசு, இரண்டு மாடு, ஒரு கழுதை. கழுதைக்குக் காது சரியாக வரவில்லை. சூசையப்பருக்கு அவள் ஒரு மீசை வைத்தாள்.

"மீசை எதுக்கு?" என்றான் ஜெயராஜ்.

"தச்சு வேலை செய்றவருதான? மீசை இல்லாம எப்படி இருப்பாரு?"

அவன் சிரித்தான். ஜபீன் தன் கல்யாணத்துக்கு வாங்கிய சீரியல் லைட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். குடிலுக்கு முன்னால் நர்மதா சின்னதாக ஒரு கோலம் போட்டாள். வீட்டில் ஒரு நல்லது என்றால் அவள் கை தானாகக் கோலமாவைத் தேடும்.

இருபத்தி நாலாம் தேதி காலை ஞானம்மா இரண்டு ரயில் மாறி, ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். ஜெயராஜ் அதிகாலை ஷிப்டுக்குப் போயிருந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாமே இது, டிராமாக் கொட்டாயா?" என்றாள், மேலே கட்டிய சேலையைப் பார்த்து.

"தூசு விழுது அண்ணி. அதான் கட்டினேன். உள்ள வாங்க, காபி போடறேன்."

"லைட்டு யாருது?"

"பக்கத்து ஊட்டு ஜபீனுது."

"அவங்க லைட்டு, உங்க கோலம். நடுவுல எங்க சாமி. நல்லாகீது."

நர்மதா மூலையில் அடுப்புப் பக்கம் திரும்பிக் கல்கல் பலகாரத்துக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். பின்னால் தண்ணீர் சிந்தும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஞானம்மா சொம்புத் தண்ணீரைக் கோலத்தின்மேல் ஊற்றி, கரித்துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இன்னா பண்றீங்க?"

"உன் வழக்கமெல்லாம் உங்கப்பன் ஊட்டோட வெச்சிக்க. மாதா முன்னாடி வேணாம்."

"கோலம் போட்டா அவங்களுக்குக் கோவம் வருமா?"

"எனக்கு வரும்."

அதோடு விடவில்லை. பையைத் திறந்து செய்தித்தாளில் சுற்றிய பொம்மைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அம்மா காலத்துப் பிளாஸ்டர் பொம்மைகள், பெயின்ட் உதிர்ந்தவை. நர்மதாவின் களிமண் பொம்மைகளைக் குடிலிலிருந்து எடுத்துத் தரையில் வைக்க ஆரம்பித்தாள். சூசையப்பரைத் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"அய்யனாரு கணக்கா மீசை. வெக்கமா இல்ல? கோயிலுக்கு வர்றியாம், ஞானஸ்நானம் எடுக்க மட்டும் மாட்டியாம். இதெல்லாம் ஒனக்கு வெளாட்டு."

வைத்த வேகத்தில் ஒரு மாட்டின் கால் உடைந்தது.

நர்மதா மாவுக் கையோடு எழுந்தாள். அழுவாள் என்று ஞானம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் நர்மதாவின் குரல் தாழ்ந்து உறுதியாக இருந்தது.

"என்னைப் பெத்தவங்க நான் செத்துட்டேன்னு தலை முழுகிட்டாங்க அண்ணி. உங்க ஊட்டுல நான் இன்னும் பொறக்கவே இல்ல. எனக்குன்னு கீறது இந்த ஒரு ரூம்தான். இங்க எது எங்க இருக்கணும்னு நான் சொல்லுவேன்."

பிளாஸ்டர் பொம்மைகளை அவளே எடுத்தாள். ஒன்றும் உடையாமல் அதே செய்தித்தாளில் சுற்றினாள், பைக்குள் வைத்தாள், பையை வாசற்படி ஓரம் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு தன் பொம்மைகளைக் குடிலில் திருப்பி வைத்தாள். கால் உடைந்த மாட்டைப் படுக்க வைத்தாள்.

"என் தம்பி வரட்டும்," என்றாள் ஞானம்மா. கட்டிலில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஜெயராஜ் வந்தான். வாசலில் பை. உள்ளே ஒருத்தி கட்டிலில், ஒருத்தி எண்ணெய்ச் சட்டி முன்னால். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். நடந்ததை இருவரிடமும் கேட்டுவிட்டு, "ரெண்டு செட்டும் வெச்சிக்கலாமே," என்றான்.

"ரெண்டு சூசையப்பராடா?" என்று கத்தினாள் ஞானம்மா.

"வேணாம்," என்றாள் நர்மதா.

அவன் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினான். நர்மதா பின்னாலேயே போனாள்.

"அவங்க செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை உன்னால சொல்ல முடியாதா?"

"ரெண்டு நாள்தான நர்மதா. விடு. என்னை வளத்தவங்க."

"உன்னை வளத்தாங்க. அதுக்கு நான் எதுக்குக் கூலி குடுக்கணும்?"

அன்று மாலைப் பூசைக்கு மூவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போய் ஒரே ஆட்டோவில் திரும்பினார்கள். போகும்போதும் வரும்போதும் ஞானம்மா டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை நர்மதா கோழியை வெட்டிக் கழுவிக்கொண்டிருந்தபோது லைன் பெண்கள் குடில் பார்க்க வந்தார்கள். ஜபீன் தன் மாமியாரையும் கூட்டி வந்திருந்தாள். கடைசி வீட்டு ஜோதிலட்சுமி நிமிர்ந்து கூரையையே பார்த்தாள்.

"எம்மா, இன்னா அழகு! நம்ம ரூமுதானா இது? எங்க ஊட்டுலயும் இப்படிக் கட்டிடலாம்போல. யாரு செஞ்சது?"

ஞானம்மா புதுச் சேலையில், நடுவில், வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேக் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று முந்திக்கொண்டாள்.

"என் தம்பிதான். சின்ன வயசுல இருந்தே அவனுக்குக் கை வேலை வரும். எங்கம்மா சொல்லிக் குடுத்தது."

கோழி மேல் இருந்த நர்மதாவின் கை நின்றுவிட்டது. ஜபீனுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தாள், மாமியாரைப் பார்த்து மூடிக்கொண்டாள். நர்மதா திரும்பவில்லை. திரும்பினால் கையில் கத்தி இருக்கிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"இல்லக்கா," என்றான் ஜெயராஜ்.

வாசலில் நின்றிருந்தான். காது சிவந்திருந்தது.

"நான் ஒரு ஆணிகூட அடிக்கல. எல்லாம் நர்மதா செஞ்சது. சேலை அவளுது, பொம்மை அவ புடிச்சது. நேத்து நீ தண்ணி ஊத்தி அழிச்சியே, அந்தக் கோலமும் அவ போட்டதுதான்."

ஜோதிலட்சுமி கையில் இருந்த கேக்கை அவசரமாகத் தின்று முடித்தாள். பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அறை காலியானதும் ஞானம்மா எழுந்தாள்.

"நாலு பேர் முன்னாடி என் மூஞ்சில கரியப் பூசிட்ட. நான் கெளம்பறேன்."

போகாதே என்று அவன் சொல்வான் என்று நின்றாள். அவன் சொல்லவில்லை.

"சாப்ட்டுப் போங்க," என்றாள் நர்மதா.

அதில் பாசம் ஒன்றும் இல்லை. தன் வீட்டிலிருந்து பண்டிகை நாளில் ஒருத்தி பட்டினியாகப் போனாள் என்ற பேச்சு தனக்கு வேண்டாம் என்றிருந்தது. ஞானம்மாவும் அதைப் புரிந்துகொண்டாள். பிரியாணி தம் இறங்கும்வரை பை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

"உப்பு கம்மி."

"தெரியும்," என்றாள் நர்மதா.

ஜெயராஜ் ஆட்டோ கூப்பிட்டு வந்தான். பையை அவன் தூக்கப் போனபோது ஞானம்மா பிடுங்கிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்த பிறகு, தம்பியை விட்டுவிட்டு நர்மதாவைப் பார்த்தாள்.

"நீ ஞானஸ்நானம் எடுத்தாத்தான் இந்த வாசல்ல நான் மறுபடி கால் வெப்பேன்."

"அப்ப ரொம்ப நாள் ஆவும் அண்ணி."

ஆட்டோ லைனைத் தாண்டி மெயின் ரோட்டுக்குத் திரும்பியது. ஜெயராஜ் அது மறைந்த திசையையே பார்த்தபடி நின்றான். கண் கலங்கியிருந்தது. நர்மதாவுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது, ஆறுதல் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நேற்றுச் சொல்ல வேண்டியதை இன்றைக்குத்தானே சொன்னான்.

"வா, சாப்டு. ஆறிப்போவுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.